தும்மினா, சிரிச்சா பயமா இருக்கா? சிறுநீர்க்கசிவைக் கட்டுப்படுத்தும் பயிற்சியை சரியா செய்வது எப்படி?

தோழியின் கல்யாண ரிசப்ஷன். குரூப் போட்டோவுக்காக மேடையில் நிற்கிறீர்கள். ஒருத்தி அடிக்கிற கமென்ட்டுக்கு மொத்த கேங்கும் விழுந்து விழுந்து சிரிக்கிறது, நீங்களும்தான். அடுத்த நொடியே உள்ளுக்குள் 'ஐயோ' என்று ஒரு பதற்றம். இரண்டு சொட்டுதான், யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால், அதற்குப் பிறகு பந்தியில் உட்காரும்போதும் சரி, காரில் ஏறும்போதும் சரி, 'புடவையில தெரியுதா?' என்பது மட்டும்தான் மனதில் ஓடும்.

சிலருக்கு இது ஜிம்மில் ஸ்கிப்பிங் செய்யும்போது நடக்கும். சிலருக்கு, அழுகிற குழந்தையைச் சட்டென்று குனிந்து தூக்கும்போது. இன்னும் சிலருக்கு, வீட்டு வாசலில் நின்றுகொண்டு பைக்குள் சாவியைத் தேடும் அந்த அரை நிமிடத்தில்.

வீட்டில் சொன்னால் என்ன பதில் வரும் என்று உங்களுக்கே தெரியும். 'பிள்ளை பெத்தா அப்படித்தான்டி. எனக்கும்தான் இருக்கு. இதையெல்லாம் போய் டாக்டர்கிட்ட சொல்லுவாங்களா?'

இந்தப் பதிலில் பாதி உண்மை. இந்தப் பிரச்னை நிறைய பெண்களுக்கு இருக்கிறது என்பது உண்மை. சகித்துக்கொண்டுதான் வாழ வேண்டும் என்பது உண்மையில்லை. தும்மும்போதும் சிரிக்கும்போதும் வரும் சிறுநீர்க்கசிவுக்குப் பெரும்பாலும் காரணம், தசைகள் தளர்ந்துபோவது. கையில், காலில் இருக்கிற தசையைப் பயிற்சியால் பலப்படுத்த முடியும் என்றால், இதையும் முடியும். மாத்திரை, ஆபரேஷன் எல்லாவற்றுக்கும் முன்னால் மருத்துவர்கள் பரிந்துரைக்கும் முதல் சிகிச்சையே பயிற்சிதான்.

ஆனால், அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இந்தப் பயிற்சியைச் செய்வதாக நினைத்துக்கொண்டிருக்கும் பலர், தப்பாகச் செய்துகொண்டிருக்கிறார்கள். அதனால்தான், 'நானும் ட்ரை பண்ணேன், ஒண்ணும் ஆகல' என்ற புலம்பல். சரியாகச் செய்வது எப்படி என்று பார்ப்போம்.

உள்ளே ஒரு தூளி

குழந்தையைப் போட்டு ஆட்டும் சேலைத் தூளியை நினைத்துக்கொள்ளுங்கள். நம் இடுப்புக்கு அடியில் அப்படி ஒரு தூளி இருக்கிறது. முன்பக்கம் அடிவயிற்றுக்குக் கீழே இருக்கும் எலும்பில் தொடங்கி, பின்பக்கம் வால் எலும்பு வரை விரிந்திருக்கும் தசைகள் அவை. இடுப்புத்தளத் தசைகள் என்று சொல்வார்கள். டாக்டர்கள் வாயில், பெல்விக் ஃப்ளோர். சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் கீழிருந்து தாங்கிப் பிடிப்பது இந்தத் தூளிதான். சிறுநீர், பிறப்புறுப்பு, மலம் ஆகியவற்றுக்கான மூன்று வழிகளும் இதன் ஊடாகத்தான் வெளியே வருகின்றன.

தும்மும்போது வயிற்றுக்குள் அழுத்தம் சட்டென்று ஏறும். அந்த அழுத்தம் சிறுநீர்ப்பையையும் மேலிருந்து கீழே தள்ளும். செடிக்குத் தண்ணீர் விடும் ரப்பர் டியூபை சிமென்ட் தரையில் போட்டு மிதித்தால், தண்ணீர் நின்றுவிடும். அதே டியூபை சேற்றில் போட்டு மிதித்தால்? டியூப் புதையுமே தவிர, தண்ணீர் நிற்காது. சிறுநீர் வெளியேறும் குழாய்க்கு அடியில் இருக்கும் தூளி விறைப்பாக இருந்தால், அது சிமென்ட் தரை மாதிரி. தும்மலின் அழுத்தத்திலேயே குழாய் மூடிக்கொள்ளும். தூளி தொய்ந்துபோயிருந்தால், சேறு மாதிரி. கசியும்.

தூளியைத் தொய்ய வைப்பவை எவை? கர்ப்பத்தில் மாதக்கணக்கில் தாங்கும் எடை. நார்மல் டெலிவரியில் தசைகள் இழுபடுவது. மெனோபாஸுக்குப் பிறகு ஈஸ்ட்ரோஜென் குறைவது. உடல் எடை. வருடக்கணக்கில் விடாத இருமல். நாள்பட்ட மலச்சிக்கலில் முக்கி முக்கியே பழகிப்போவது. தினமும் கனமான பொருள்களைத் தூக்கும் வேலை.

'எனக்குத்தான் இன்னும் கல்யாணமே ஆகலையே' என்கிறீர்களா? அமெரிக்காவில் 1994-ல் வெளியான ஓர் ஆய்வில், பிரசவமே ஆகாத 144 கல்லூரி விளையாட்டு வீராங்கனைகளிடம் கேட்டார்கள். அவர்களில் 28 சதவிகிதம் பேர், விளையாடும்போது சிறுநீர் கசிவதாகச் சொன்னார்கள். குதித்துக் குதித்து ஆடும் ஜிம்னாஸ்டிக்ஸ், பாஸ்கெட்பாலில் இது அதிகம். கோல்ஃபில் ஒருவருக்கும் இல்லை. ஆக, உடம்பு ஃபிட்டாக இருப்பதும் இந்தத் தூளி ஃபிட்டாக இருப்பதும் ஒன்றல்ல.

உங்களுக்கு இருப்பது எந்த வகை?

எல்லாக் கசிவும் ஒரே கசிவு இல்லை. வகையைப் பொறுத்துத்தான் பயிற்சி.

அழுத்தத்தால் வரும் கசிவு முதல் வகை. தும்மல், இருமல், சிரிப்பு, குதிப்பது, தூக்குவது ஆகிய நேரங்களில் சொட்டுச் சொட்டாக வரும். 'வரப்போகுது' என்ற முன்னறிவிப்பே இருக்காது. மருத்துவர்கள் இதை 'ஸ்ட்ரெஸ் இன்கான்டினென்ஸ்' என்பார்கள். இந்த 'ஸ்ட்ரெஸ்' மன அழுத்தம் அல்ல, வயிற்று அழுத்தம்.

அவசரத்தால் வரும் கசிவு இரண்டாவது வகை. திடீரென்று அடக்க முடியாத உணர்வு வரும். பாத்ரூம் கதவைத் திறப்பதற்குள் கசிந்துவிடும். குழாயில் தண்ணீர் விழும் சத்தம், சாவியைக் கதவில் நுழைக்கும் நொடி... இதெல்லாம்கூட அதைத் தூண்டும். இங்கே பிரச்னை தூளியில் மட்டும் இல்லை. சிறுநீர்ப்பை நிறைவதற்கு முன்பே அவசரப்பட்டுச் சுருங்குகிறது.

இரண்டும் சேர்ந்து இருப்பது மூன்றாவது வகை. இதுவும் சகஜம்தான்.

எது என்று குழப்பமாக இருந்தால், மூன்று நாள்களுக்கு ஒரு டைரி போடுங்கள். மொபைல் நோட்ஸ் போதும். எத்தனை மணிக்கு என்ன குடித்தீர்கள், எப்போது பாத்ரூம் போனீர்கள், எப்போது கசிந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள். டாக்டரிடம் போனாலும் முதலில் கேட்கப்போவது இதைத்தான்.

நாமே செய்துகொள்ளும் கெடுதல்

கசியுமோ என்ற பயத்தில் நம்மில் பலர் முதலில் செய்வது, தண்ணீரைக் குறைப்பது. காலையில் வீட்டில் அரை டம்ளர், சாயங்காலம் திரும்பி வந்தால்தான் அடுத்தது. ஆசிரியைகள், காவல் பணியில் இருப்பவர்கள், ஜவுளிக்கடையில் நாள் முழுக்க வேலை பார்ப்பவர்கள் என, டாய்லெட் கிடைக்காத காரணத்தாலேயே இப்படிப் பழகியவர்கள் எத்தனையோ பேர். தமிழ்நாட்டில் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் சட்டத்திருத்தமே கொண்டுவந்தார்கள். இருக்கை கிடைத்தாலும், நினைத்த நேரத்தில் எழுந்து டாய்லெட் போகிற வசதி எல்லோருக்கும் கிடைத்துவிடவில்லை.

தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர் அடர்த்தியாகும். அது சிறுநீர்ப்பையை எரிச்சல்படுத்தி அவசரத்தைக் கூட்டலாம். மலச்சிக்கல் வரும், தொற்றுக்கும் வாய்ப்பு கூடும். அதாவது, எதற்குப் பயந்து தண்ணீரை விட்டீர்களோ, அதையே அது அதிகமாக்கும்.

இரண்டாவது கெடுதல், 'எதுக்கும் ஒருதடவை போயிட்டு வந்துடுறேன்' பழக்கம். கிளம்பும் முன் ஒருமுறை, போய் இறங்கியதும் ஒருமுறை, சும்மா ஒருமுறை. முழுதாக நிறைந்தால் 400 முதல் 500 மில்லி வரை தாங்கக்கூடிய சிறுநீர்ப்பை, கொஞ்சம் நிறைந்ததுமே மணி அடிக்கப் பழகிவிடும்.

மூன்றாவது, பேடு வைத்துச் சமாளிப்பது. அவசரத்துக்குத் தப்பில்லை. ஆனால், சிகிச்சையே பேடுதான் என்று வருடங்களை ஓட்டுவதுதான் தப்பு.

கெகல் சொன்னது என்ன?

'கெகல் எக்சர்சைஸ்' என்ற பெயரை ரீல்ஸில் பார்த்திருப்பீர்கள். அர்னால்ட் கெகல் என்பவர் அமெரிக்க மகப்பேறு மருத்துவர். பிரசவத்துக்குப் பிறகு தளர்ந்துபோகும் தசைகளைப் பயிற்சியால் மீட்க முடியும் என்று 1948-ல் எழுதினார். வெறும் வாயால் சொல்லவில்லை. தசை எவ்வளவு பலமாக இறுக்குகிறது என்பதை அளக்க ஒரு கருவியையும் உருவாக்கி, பெண்களுக்கு அதைக் காட்டியே பழக்கினார்.

இந்தப் பயிற்சி உண்மையிலேயே வேலை செய்கிறதா? உலகம் முழுக்க நடந்த ஆய்வுகளைத் தொகுத்து ஆராயும் காக்ரேன் அமைப்பு, 2018-ல் 31 ஆய்வுகளை, மொத்தம் 1,817 பெண்களின் தகவல்களை அலசியது. தும்மல் வகைக் கசிவு இருந்தவர்களில், பயிற்சி செய்தவர்களில் 56 சதவிகிதம் பேர் குணமானதாகச் சொன்னார்கள். பயிற்சி செய்யாதவர்களில் அப்படிச் சொன்னது 6 சதவிகிதம் பேர்தான்.

இப்போது இன்னோர் ஆய்வு. 1991-ல் வெளியான அதில், அமெரிக்காவில் 47 பெண்களுக்கு வாய்வார்த்தையாக மட்டும் இந்தப் பயிற்சியைச் சொல்லிக்கொடுத்து, கருவி வைத்து அளந்தார்கள். சரியாகச் செய்தவர்கள் சுமார் பாதிப் பேர்தான். நான்கில் ஒருவர், கசிவை இன்னும் அதிகமாக்கக்கூடிய விதத்தில் செய்துகொண்டிருந்தார்.

மேலே இழுக்க வேண்டியதை, அவர்கள் கீழே தள்ளிக்கொண்டிருந்தார்கள். இந்த ஒரு வித்தியாசம் புரிந்துவிட்டால், பாதிக் கிணறு தாண்டிவிட்டோம்.

சரியான தசையைக் கண்டுபிடிங்க

முதல்முறை படுத்துக்கொண்டு செய்யுங்கள். மல்லாக்கப் படுத்து, முழங்காலை மடக்கி, பாதங்களைத் தரையில் ஊன்றிக்கொள்ளுங்கள்.

நான்கு பேர் இருக்கும் லிஃப்டில் காஸ் வரப்போகிறது, விடக் கூடாது. என்ன செய்வீர்கள்? ஆசனவாயை உள்ளே இறுக்குவீர்கள் அல்லவா, அதைச் செய்யுங்கள். அந்த இறுக்கத்தை அப்படியே முன்பக்கமாகக் கொண்டுவந்து, சிறுநீரை அடக்குவதுபோல முன்னாலும் இறுக்குங்கள். பின்பு மொத்தத்தையும் வயிற்றை நோக்கி மேலே தூக்குங்கள். தொய்ந்த தூளியை நடுவில் பிடித்து மேலே தூக்குவது மாதிரி. இறுக்குவது பாதி வேலை, மேலே தூக்குவது மீதி.

பிறகு, விடுங்கள். முழுசாக விடுங்கள். விடுவதும் பயிற்சியில் ஒரு பகுதி.

சரியாகத்தான் செய்கிறோமா என்று பார்க்க சில அடையாளங்கள் உண்டு. தொடைகள் ஒன்றோடு ஒன்று நெருக்கிக்கொள்ளக் கூடாது. பின்புறம் இறுகித் தரையிலிருந்து எழும்பக் கூடாது. மூச்சு நிற்கக் கூடாது, செய்துகொண்டே ஒன்று, இரண்டு, மூன்று என்று சத்தமாக எண்ண முடிய வேண்டும். தொப்புளுக்குக் கீழே லேசாக உள்ளே இழுப்பது பரவாயில்லை. ஆனால், வயிறு வெளியே உப்பினால் நீங்கள் முக்குகிறீர்கள் என்று அர்த்தம். உடனே நிறுத்திவிட்டு, முதலிலிருந்து தொடங்குங்கள்.

இன்னும் சந்தேகமாக இருந்தால், கை கழுவிவிட்டு, பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் விரலை வைத்துப் பாருங்கள். இறுக்கும்போது அந்த இடம் விரலைவிட்டு உள்ளே, மேலே போக வேண்டும். விரலை நோக்கி வெளியே தள்ளினால் தப்பு. கைக்கண்ணாடியை வைத்தும் பார்க்கலாம். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை, உங்கள் உடம்பு இது.

ஒரு முக்கியமான விஷயம். சிறுநீர் கழிக்கும்போது நடுவில் நிறுத்தி நிறுத்திப் பார்ப்பதையே பயிற்சியாகச் செய்யச் சொல்லும் வீடியோக்கள் இருக்கின்றன. அப்படிச் செய்யாதீர்கள். தினமும் அப்படிச் செய்தால் சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகாமல் போகலாம், தொற்றுக்கும் அது வழி.

தினமும் எவ்வளவு?

பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ் சொல்லும் கணக்கு சிம்பிள். ஒரு வேளைக்குக் குறைந்தது 8 முறை இறுக்க வேண்டும். ஒரு நாளைக்கு 3 வேளை. குறைந்தது 3 மாதம்.

ஒரு வேளையை இப்படிப் பிரித்துக்கொள்ளலாம்.

முதலில் நிதானமான பிடி. இறுக்கி, தூக்கி, உங்களால் முடிந்தவரை பிடித்து வையுங்கள். ஆரம்பத்தில் 3 நொடிதான் முடிகிறதா? 3 நொடி போதும். பிறகு அதே அளவு நேரம் முழுசாக ஓய்வு. இப்படி 8 முறை. வாரங்கள் போகப் போக ஒவ்வொரு நொடியாகக் கூட்டி, 10 நொடி வரை கொண்டுபோகலாம்.

அடுத்து வேகமான பிடி. பலமாக ஒரு நொடி இறுக்கி, உடனே விடுங்கள். இதுவும் 8 முறை. தும்மல் எச்சரித்துவிட்டா வருகிறது? சட்டென்று இறுகும் வேகமும் தசைக்கு வேண்டும். அதற்காகத்தான் இது.

படுத்துக்கொண்டு பழகியபின், உட்கார்ந்து செய்யுங்கள். அதன்பிறகு நின்றுகொண்டு. நாம் தும்முவதும் தூக்குவதும் பெரும்பாலும் நின்றுகொண்டுதானே!

ஒரு வேளைக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. பிரச்னை நேரம் இல்லை, மறதி. அதனால், ஏற்கெனவே தினமும் செய்யும் மூன்று வேலைகளோடு கோத்துவிடுங்கள். காலையில் பால் காயும் நேரம், ஆபீஸ் பஸ், இரவு படுக்கையில் போனை எடுக்கும் முன். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருப்பவருக்குத் தெரிந்துவிட்டால், நீங்கள் முகத்தையும் தோளையும் சேர்த்து இறுக்குகிறீர்கள் என்று அர்த்தம்!

முதல் இரண்டு மூன்று வாரத்தில் பெரிதாக எதுவும் தெரியாது. பலர் விட்டுவிடுவது இங்கேதான். ஜிம்மில் சேர்ந்த இரண்டாவது வாரமே கை தசை புடைத்துவிடுமா என்ன? அதே கணக்குதான் இதற்கும். மூன்று மாதம் முடிவதற்குள் 'எனக்கு ஆகல' என்று தீர்ப்பு எழுதாதீர்கள்.

தும்மலை முந்திக்கொள்ளுங்க

மூன்று மாதம் காத்திருக்காமல், இப்போதே உதவக்கூடிய ஒரு டெக்னிக் உண்டு. தும்மல் வரப்போகிறது என்று மூக்கு சொல்லும் அந்த நொடியில், தூளியை இறுக்கித் தூக்கிவிடுங்கள். தும்மி முடிக்கும்வரை பிடியுங்கள். பிறகு விடுங்கள். குழந்தையைத் தூக்கும் முன்னும், தண்ணீர்க் கேனை நகர்த்தும் முன்னும், நாற்காலியிலிருந்து எழும் முன்னும் இதேதான்.

அமெரிக்காவில் லேசான, நடுத்தரக் கசிவு இருந்த 27 மூத்த பெண்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்தார்கள். 1998-ல் வெளியான அந்த ஆய்வில், ஒரே வாரத்தில் இருமும்போது கசியும் அளவு கணிசமாகக் குறைந்தது. ஒரு வாரத்தில் தசை வளர்ந்திருக்காது. சரியான நேரத்தில் இறுக்கக் கற்றுக்கொண்டார்கள், அவ்வளவுதான். தொடர்ந்து செய்தால், யோசிக்காமலே உடம்பு அதைச் செய்யப் பழகிவிடும்.

அவசரத்துக்கு வேறு பயிற்சி

'வந்தா அடக்கவே முடியல' வகையா உங்களுடையது? தசைப் பயிற்சியோடு, சிறுநீர்ப்பைக்கும் பயிற்சி தர வேண்டும்.

நீங்கள் போட்ட மூன்று நாள் டைரியை எடுங்கள். சராசரியாக ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் வாரம் அதை ஒன்றேகால் மணி நேரம் ஆக்குங்கள். வாரத்துக்குப் பதினைந்து நிமிடம் கூட்டிக்கொண்டே போங்கள். பகலில் மூன்று மணி நேர இடைவெளி வந்துவிட்டால் ஜெயித்துவிட்டீர்கள். இதற்குக் குறைந்தது 6 வாரம் தர வேண்டும்.

நடுவில் அவசரம் வந்தால், பாத்ரூமுக்கு ஓடாதீர்கள். ஓடினால் அழுத்தம் கூடும், கசியும். அப்படியே நில்லுங்கள், முடிந்தால் உட்காருங்கள். ஐந்தாறு முறை வேகமாக இறுக்கி இறுக்கி விடுங்கள். நிதானமாக மூச்சு விடுங்கள். மனதை வேறு பக்கம் திருப்புங்கள், 100-லிருந்து ஏழு ஏழாகக் குறைத்து எண்ணிப் பாருங்கள். அவசரம் அலை மாதிரி. ஏறும், உச்சிக்குப் போகும், இறங்கும். இறங்கியபின் மெதுவாக நடந்து போங்கள்.

காபி, டீ, கோலாவைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள். கஃபீன் இந்த அவசரத்தைக் கூட்டக்கூடியது. தண்ணீரைக் குறைக்காதீர்கள். மூச்சுமுட்டக் குடிக்கவும் வேண்டாம், பகல் முழுக்கப் பரவலாகக் குடியுங்கள்.

கூடவே இதையும் கவனிங்க

எடை அதிகமாக இருந்தால், கொஞ்சம் குறைத்தாலே பலன் தெரியும். 2009-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, உடல் பருமனும் சிறுநீர்க்கசிவும் இருந்த 338 பெண்களிடம் ஆறு மாதம் நடந்தது. சராசரியாக 8 சதவிகித எடையைக் குறைத்த குழுவில், வாரத்தில் கசியும் எண்ணிக்கை 47 சதவிகிதம் குறைந்தது. எடைக்குறைப்பு பற்றி வகுப்பு மட்டும் எடுக்கப்பட்ட குழுவில் 28 சதவிகிதம். 80 கிலோ இருக்கும் ஒருவருக்கு 8 சதவிகிதம் என்பது ஆறரை கிலோவுக்குக் கொஞ்சம் குறைவுதான்.

மலச்சிக்கலைச் சரிசெய்யுங்கள். கீரை, பழம், தண்ணீர், நடை. ஒவ்வொரு நாளும் முக்கினால், நீங்கள் தூக்கிவிட்ட தூளியை நீங்களே கீழே இழுக்கிறீர்கள். விடாத இருமல் இருந்தால் அதற்கும் வைத்தியம் பாருங்கள்.

கர்ப்பிணிகளே, குழந்தை பிறக்கும்வரை காத்திருக்க வேண்டாம். கர்ப்பக் காலத்திலேயே இந்தப் பயிற்சியைத் தொடங்கினால் கசிவு வரும் வாய்ப்பு குறையும். பிரசவத்துக்குப் பிறகு, சிறுநீர் டியூப் எடுத்தபின், வலி இல்லாத அளவில் லேசாக ஆரம்பிக்கலாம். தையல் இருந்தால், டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சிசேரியன் ஆனவர்களுக்கும் இது வேண்டும், ஒன்பது மாதம் தாங்கியது அதே தூளிதானே. பிரான்ஸ் நாட்டில், பிரசவமான பெண்களுக்கு இந்தத் தசைப் பயிற்சி வகுப்புகளுக்கான செலவை அரசின் மருத்துவக் காப்பீடே ஏற்கிறது. நம் ஊரில் டிஸ்சார்ஜ் ஆகும்போது தடுப்பூசி அட்டை வருகிறது, பத்திய லிஸ்ட் வருகிறது. இதைப் பற்றி யாரும் சொல்லவில்லை என்றால், நீங்களே கேளுங்கள்.

கருவி, ஆப், யோகா... வாங்கலாமா?

ஆன்லைனில் இதற்கென்று விதவிதமான கருவிகள் விற்கிறார்கள். நீங்கள் இறுக்குவதை ஸ்கிரீனில் காட்டும் பயோஃபீட்பேக் கருவி அவற்றில் ஒன்று. பிரிட்டனில் 600 பெண்களிடம் நடந்து, 2020-ல் வெளியான ஆய்வில், பிசியோதெரபிஸ்ட் வழிகாட்டலில் வெறும் பயிற்சி செய்தவர்களுக்கும், அதோடு இந்தக் கருவியையும் சேர்த்துப் பயன்படுத்தியவர்களுக்கும் பலனில் வித்தியாசம் இல்லை. தசையை உணரவே முடியாதவர்களுக்கு டாக்டர் பரிந்துரைத்தால் சரி. மற்றபடி, பணத்தைப் பத்திரமாக வையுங்கள்.

ஆப்? ஸ்வீடனில் தும்மல் வகைக் கசிவு இருந்த 123 பெண்களை வைத்துச் செய்த ஆய்வு 2017-ல் வெளியானது. அதில், மூன்று மாதம் ஆப் மூலம் பயிற்சி செய்தவர்களுக்கு நல்ல முன்னேற்றம் தெரிந்தது. ஆப் வேண்டாம் என்றால், போனில் மூன்று அலாரம் வைத்துக்கொண்டாலும் வேலை நடக்கும்.

யோகா பழகியவர்களுக்கு மூலபந்தம், அஸ்வினி முத்திரை தெரிந்திருக்கும். அவற்றிலும் இதே பகுதியைத்தான் சுருக்குகிறோம், அதனால் இந்தப் பயிற்சி அவர்களுக்குச் சீக்கிரம் பிடிபடும். ஆனாலும், மேலே சொன்ன எண்ணிக்கையும் மூன்று மாதக் கணக்கும் அவர்களுக்கும் உண்டு.

யார் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும்?

சிறுநீரில் ரத்தம், எரிச்சல், காய்ச்சல் இருந்தால். பிறப்புறுப்பில் ஏதோ கீழே இறங்குவதுபோல, கட்டிபோலத் தட்டுப்பட்டால். பிரசவத்துக்கோ கர்ப்பப்பை ஆபரேஷனுக்கோ பிறகு, இரவு பகலாக நிற்காமல் கசிந்துகொண்டே இருந்தால். இவற்றுக்குப் பயிற்சி செய்துகொண்டு காத்திருக்கக் கூடாது. சிறுநீரே போக முடியவில்லை, தொடை இடுக்கில் மரத்துப்போகிறது, கால் பலமிழக்கிறது என்றால், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இன்னொரு விஷயம். சிலருக்கு இந்தத் தசைகள் தளர்ந்திருக்காது, அளவுக்கு மீறி இறுகியிருக்கும். தாம்பத்யத்தின்போது வலி, அடிவயிற்றில் வலி, சிறுநீர் கழிக்கத் தொடங்குவதற்கே சிரமம் போன்றவை இருந்தால், இறுக்கும் பயிற்சி பிரச்னையைக் கூட்டலாம். அவர்கள் முதலில் கற்க வேண்டியது, தசையைத் தளர்த்த.

மகப்பேறு மருத்துவர், யூராலஜிஸ்ட் இருவரில் யாரையும் அணுகலாம். பெண்கள் நலனில் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் கிடைத்தால், சரியாகத்தான் இறுக்குகிறீர்களா என்று பரிசோதித்தே சொல்லிவிடுவார். எல்லா பிசியோதெரபிஸ்ட்டும் இதைப் பார்ப்பதில்லை, அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். மூன்று மாதம் சரியாகச் செய்தும் போதாதென்றால், வழி அடைத்துவிடவில்லை. தாங்கிப்பிடிக்கும் சிலிக்கான் வளையம், அவசர வகைக்கு மாத்திரை, தேவைப்பட்டால் அறுவை சிகிச்சை என அடுத்தடுத்த படிகள் இருக்கின்றன.

கடைசியாக ஒன்று

பிரச்னை உங்களுக்கு இல்லையா? அப்படியென்றால் இதை அம்மாவுக்காகப் படித்ததாக வைத்துக்கொள்ளுங்கள். கல்யாண வீட்டில் அடிக்கடி பாத்ரூம் எங்கே என்று தேடுகிற, திருப்பதி பஸ் டூருக்கு 'எனக்கு முடியாதும்மா, நீங்க போயிட்டு வாங்க' என்று ஒதுங்குகிற, நாம் ஜோக் சொன்னால் வாயைப் பொத்திக்கொண்டு பாதிச் சிரிப்போடு நிறுத்திக்கொள்கிற அம்மா. 'ஏம்மா, தும்மும்போது உனக்கு லீக் ஆகுதா?' என்று கேட்டுப் பாருங்கள். முதலில் 'ச்சீ, போடி' என்பார். கொஞ்ச நேரம் கழித்து அவரே வந்து பக்கத்தில் உட்கார்ந்து, 'அது... ரொம்ப வருஷமா இருக்குடி' என்பார்.

அப்போது 'அப்படித்தான்மா' என்று சொல்லிவிடாதீர்கள். பாயை விரித்து, அம்மாவைப் பக்கத்தில் படுக்கச் சொல்லுங்கள். முழங்காலை மடக்கி, பாதத்தை ஊன்றி, இறுக்கி, மேலே தூக்கி... ஒன்று, இரண்டு, மூன்று. இரண்டு பேருமாக எண்ணுங்கள். மூன்று மாதம்.